மீள்தலும் மீட்டலும்: கிறித்துவச் சமயத்தில் இறைவனை விட்டு விலகியோர் திரும்புதல் - ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழாசிரியர்கள் நன்கறிந்த விவிலியக் கதைகளுள் ஒன்று, தந்தையின் சொத்தைப் பிரித்துக்கொண்டு தொலைநாடு சென்று, அனைத்தையும் அழித்துவிட்டு வீடு திரும்பிய மகனின் கதை. 'கெட்ட குமாரன்' என்றும் 'ஊதாரி மைந்தன்' என்றும் அது வழங்கப்பெறுகிறது. வகுப்பறையில் அக்கதை பெரும்பாலும் ஒரு நன்னெறிக் கதையாகவே நின்றுவிடுகிறது. தீய வழியில் சென்ற பிள்ளை துன்பப்பட்டுத் திருந்தினான் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆயின், கிறித்துவ மரபில் அக்கதை தாங்கி நிற்கும் சுமை அதனினும் பெரிது. இறைவனை அறிந்து, அவரோடு வாழ்ந்து, பின்னர் விலகிப்போன ஒருவர் மீண்டும் திரும்பி வர இயலுமா? இயலுமெனில் முதலடி எடுத்து வைப்பவர் யார்? திரும்பி வந்தவரை ஏற்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதில் திருச்சபை ஒரு காலத்தில் பிளவுபடவும் நேர்ந்தது.

இக்கட்டுரை, விலகலும் மீள்தலும் பற்றிய கிறித்துவச் சிந்தனையைச் சொல், கதை, வரலாறு, தமிழ்த் தொடர்பு, வாழ்வியல் நெறி என்னும் ஐந்து நிலைகளில் விளக்க முற்படுகிறது. கிறித்துவத் தமிழ் இலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விளக்கம் துணைபுரியும் என நம்புகிறோம்.

சொல்லும் பொருளும்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் இக்கருத்தைச் சுட்டும் அடிப்படைச் சொல் 'ஷூப்' என்பதாகும். திரும்புதல், திரும்பி நடத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். விவிலியத்தில் அது ஆயிரத்திற்கும் மேற்பட்ட இடங்களில் பயின்று வருகிறது. பயணம் சென்றவன் ஊர் திரும்புவதற்கும் பாவம் செய்தவன் இறைவனிடம் திரும்புவதற்கும் அதே வினைச்சொல்லே ஆளப்படுகிறது. இதில் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எரேமியா இறைவாக்கினர் மக்களின் விலகலைக் குறிக்க 'மெஷூபா' என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார். அதுவும் 'ஷூப்' என்னும் அதே வேரிலிருந்து பிறந்ததே. முகம் திருப்பிச் செல்வதும் முகம் திருப்பி வருவதும் ஒரே வேரின் இரு கிளைகளாக அமைகின்றன. விலகியவன் எந்த உடலசைவால் விலகினானோ அதே அசைவால் மீளவும் கூடும் என்னும் நம்பிக்கை அம்மொழியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் இக்கருத்து இரு சொற்களாகப் பிரிகிறது. 'எபிஸ்த்ரெபோ' என்பது திரும்புதலையும், 'மெத்தனோயா' என்பது மனத்தின் மாற்றத்தையும் குறிப்பன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விரண்டையும் எதிர்கொண்ட விதம் சுவையானது. சீர்திருத்தச் சபையினர் பெரிதும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'மனந்திரும்புதல்' என்னும் கூட்டுச்சொல்லை ஆள்கிறது. எபிரேயத்தின் திரும்புதலும் கிரேக்கத்தின் மனமும் அதில் இணைந்து நிற்கின்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்', 'மனம் மாறுதல்' என்னும் வழக்கைக் கொள்கிறது. முன்னதில் வழியும் பயணமும் தொனிக்கின்றன. பின்னதில் உள்ளத்தின் நிலைமாற்றம் முதன்மை பெறுகிறது.

தமிழ் தனக்கே உரிய மற்றொரு வாய்ப்பையும் இச்சிந்தனைக்கு வழங்குகிறது. 'மீள்' என்பது தன்வினை. 'மீட்பு' என்னும் சொல்லுக்கு அடியான 'மீட்டல்' அதன் பிறவினை. மனிதன் மீள்கிறான், இறைவன் மீட்கிறார். ஒரே வேர்ச்சொல் வருபவனையும் வரவைப்பவரையும் சுட்டுகிறது. திரும்புதல் மனித முயற்சியா, இறையருளா என்று மேலைநாட்டு இறையியலார் நூற்றாண்டுகள்தோறும் வாதிட்டதொரு சிக்கலைத் தமிழ் இலக்கணத்தின் தன்வினை, பிறவினைப் பாகுபாட்டைக் கொண்டே மாணவர்க்கு விளக்கிவிடலாம்.

விலகலின் இயல்பு

விலகுதல் என்றவுடன் துணிந்து செய்யும் மறுதலிப்பே நம் நினைவிற்கு வரும். விவிலியம் அதனினும் நுட்பமான ஒரு விலகலைப் பேசுகிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், கேட்டவற்றைக் கருத்தூன்றிப் பற்றிக்கொள்ளாவிடின் நேரும் இடர் பற்றிய எச்சரிக்கை வருகிறது. அங்கு ஆளப்படும் கிரேக்க வினைச்சொல், நீரோட்டத்தில் ஒழுகிக் கடந்துபோதலைக் குறிக்கும். நங்கூரமிடாத படகு, எவரும் துடுப்புப் போடாமலேயே கரையை விட்டு அகன்றுவிடுகிறது. அப்படகு அகன்ற கணம் இதுவென எவராலும் சுட்ட இயலாது.

பெரும்பாலான விலகல்கள் இத்தகையனவே. வேண்டுதல் சுருங்குகிறது, மறைநூல் வாசிப்பு வழக்கொழிகிறது, வழிபாட்டுக் கூட்டம் ஒரு சடங்காகிறது, இறுதியில் அதுவும் நின்றுபோகிறது. பகைமையோ கொள்கை மாற்றமோ இதில் இல்லை. வேலைப்பளு, துயரம், சபையில் ஏற்பட்ட மனக்கசப்பு, விடை கிடைக்காத ஐயம் ஆகியவை நீரோட்டமாகின்றன.

எனினும், உள்ளத்தின் வறட்சி அனைத்தும் விலகல் ஆகிவிடாது என்பதையும் இம்மரபு வலியுறுத்துகிறது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அருளாளர் சிலுவையின் யோவான் (1542-1591), இறைவனை நெருங்கும் வழியிலேயே ஓர் இருள் இரவு உண்டு என்றார். இறைவன் உணர்வுகளுக்கு எட்டாதவராகத் தோன்றும் அந்நிலை, அன்பைத் தூய்மைப்படுத்தும் கட்டம் என்பது அவர்தம் கருத்து. அவருக்கு முன் வாழ்ந்த லொயோலா இஞ்ஞாசியார், 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் நடைமுறை சார்ந்த ஒரு விதியைத் தந்துள்ளார். மனம் சோர்ந்திருக்கும் காலத்தில், தெளிவான காலத்தில் செய்த உறுதிப்பாட்டை மாற்றலாகாது என்பதே அது. இவ்வேறுபாட்டை அறியாதார் வறட்சியை விலகல் எனப் பிழைபடக் கருதி, உண்மையாகவே விலகிவிடும் இடர் உண்டு.

லூக்கா நற்செய்தியின் மூன்று உவமைகள்

மீள்தல் பற்றிய கிறித்துவச் சிந்தனையின் மையம் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரமாகும். பாவிகளோடு இயேசு உணவருந்துகிறார் எனப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்தனர். அதற்கு விடையாக மூன்று உவமைகள் சொல்லப்படுகின்றன. நூறு ஆடுகளில் ஒன்று, பத்துக் காசுகளில் ஒன்று, இரு மைந்தருள் ஒருவன் என இழப்பின் விகிதம் படிப்படியாகக் கூர்மையடைகிறது. ஆடு அறியாமையால் வழி தவறியது. காசு தான் தொலைந்ததையே அறியாது. மகனோ அறிந்தே சென்றவன். முதலிரண்டிலும் உரியவர் தேடிச் செல்கிறார். மூன்றாவதில் தந்தை தேடிச் செல்லவில்லை, காத்திருக்கிறார். மனமுள்ள ஒருவனைத் தூக்கிச் சுமந்து வர இயலாது. அவன் விருப்பம் வேண்டும் என்பதே இவ்வேறுபாட்டின் உட்பொருள்.

மகனின் வீழ்ச்சியும் எழுச்சியும் நுண்மையாக அமைக்கப்பட்டுள்ளன. தந்தை உயிரோடிருக்கையிலேயே பங்கு கேட்பது, அவர் இறந்தபின் நிகழ வேண்டியதை முன்கூட்டியே கேட்பதற்கு ஒப்பாகும். பன்றி தீண்டத்தகாத விலங்கென யூதச் சட்டம் விதித்திருக்க, அவன் பன்றி மேய்க்கும் நிலைக்கு இறங்குகிறான். அந்நிலையில் அவன் தன் உணர்வுக்கு வந்ததாக நற்செய்தியாளர் கூறுகிறார். இறைவனிடம் திரும்புமுன் மனிதன் தன்னிடமே திரும்புகிறான். அவனைத் தூண்டியது முதற்கண் பசியே என்பதையும் கதை மறைக்கவில்லை. தூய நோக்கம் கைகூடும்வரை அவன் காத்திருக்கவில்லை. பசியோடேயே எழுந்து நடக்கிறான். இறைவனிடம் மீள விரும்புவோர் தம் நோக்கத்தின் தூய்மையை எண்ணித் தயங்கும்போது, இவ்விடம் அவர்க்கு ஆறுதல் தருகிறது.

அவன் மன்னிப்பு வேண்டி ஓர் உரையை ஆயத்தம் செய்துகொள்கிறான். தன்னைக் கூலியாள்களில் ஒருவனாக ஏற்குமாறு கேட்பது அதன் இறுதிப் பகுதி. தொலைவிலேயே அவனைக் கண்ட தந்தை ஓடிவந்து தழுவிக்கொள்கிறார். மகன் பேசத் தொடங்குகிறான்; கூலியாள் பற்றிய பகுதியை அவன் சொல்லவேயில்லை. அதற்குள் ஆடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவரப் பணிக்கப்பட்டுவிடுகின்றன. அவை மகன் நிலைக்குரிய அடையாளங்கள். மகனாக இருக்கத் தகுதியற்றவன் என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். ஆயின், வேறொரு நிலையைப் பேரம் பேசிப் பெற அவனுக்கு இடமளிக்கப்படவில்லை.

வகுப்பறை விளக்கம் பெரும்பாலும் இங்கு முடிந்துவிடுகிறது. கதை முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்த மகன் வீட்டினுள் நுழைய மறுக்கிறான். அவன் 'என் தம்பி' என்று சொல்வதில்லை. 'உம்முடைய மகன்' என்றே சுட்டுகிறான். தந்தை அதற்கு மறுமொழியாக 'உன் தம்பி' என்னும் உறவைத் திருப்பித் தருகிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. முணுமுணுத்தவர்களை நோக்கிக் கூறப்பட்ட கதையாதலின், முடிவு அவர்கள் கையில் விடப்படுகிறது. வீட்டை விட்டுப் போகாதவனும் தந்தையை விட்டு விலகியிருக்கக்கூடும் என்பது இதன்வழிப் பெறப்படுகிறது.

பேதுருவும் யூதாசும்

வருந்துதல் வேறு, மீள்தல் வேறு என்பதை இயேசுவின் பாடுகளின் வரலாறு இரு சீடர்கள்வழி உணர்த்துகிறது. யூதாசு காட்டிக்கொடுத்தான், பேதுரு மும்முறை மறுதலித்தார். இருவரும் வருந்தினர். யூதாசின் வருத்தத்தை மத்தேயு நற்செய்தி 'மெத்தனோயா' என்னும் சொல்லடியால் குறிக்கவில்லை. கழிவிரக்கத்தைக் குறிக்கும் பிறிதொரு வினைச்சொல்லையே ஆள்கிறது. அவன் வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் தான் திரும்பிச் செல்வதற்கு ஓர் இடம் உண்டெனக் கருதவில்லை. பேதுருவைக் குறித்தோ, அவர் மறுதலிக்கும் முன்னரே, அவர் திரும்பிய பின் சகோதரர்களை உறுதிப்படுத்த வேண்டுமென இயேசு பணித்ததாக லூக்கா கூறுகிறார். வீழ்ச்சிக்கு முன்பே மீட்சியும், மீட்சிக்குப் பின்னான பணியும் உரைக்கப்பட்டுவிடுகின்றன.

யோவான் நற்செய்தியில் பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகில். உயிர்த்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்திப்பதும் கரிநெருப்பின் அருகிலேயே. புதிய ஏற்பாட்டில் அக்கிரேக்கச் சொல் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை அன்பு பற்றிய வினா எழுப்பப்படுகிறது. கடந்ததை மூடி மறைக்காமல், அதே இடத்திற்கு அழைத்துச் சென்று ஆற்றுவதாக இம்மீட்பு அமைகிறது.

திருச்சபை எதிர்கொண்ட சோதனை

கதையில் எளிதாகத் தோன்றும் மன்னிப்பு நடைமுறையில் எத்துணைக் கடினமானது என்பதை மூன்றாம் நூற்றாண்டு காட்டியது. கி.பி. 250இல் உரோமைப் பேரரசர் தேசியு, குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெற வேண்டுமென்னும் ஆணையை நடைமுறைப்படுத்தினார். அத்தகைய சான்றிதழ்கள் சில எகிப்தில் பாப்பிரசுத் தாள்களில் கிடைத்துள்ளன. கிறித்துவர் சிலர் உயிர் நீத்தனர், சிலர் சிறையில் வதைபட்டனர், பலர் பலியிட்டனர், வேறு சிலர் பலியிடாமலேயே கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். துன்புறுத்தல் தணிந்ததும், வீழ்ந்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினர்.

உறவினரை இழந்தோரும் வதைபட்டோரும் நிரம்பிய சபைக்கு அது எளிய வினா அன்று. உரோமையில் நொவாசியன் என்பார், வீழ்ந்தவர்க்குச் சபையில் மீண்டும் இடமில்லை என்று நிலைநின்று தனிச்சபை கண்டார். ஒருமுறை ஒளி பெற்றுப் பின் வீழ்ந்தவரைப் புதுப்பிப்பதன் அருமை குறித்து எபிரேயர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் கூறுவது கடுமை பேசியோர்க்கு அரணாயிற்று. கார்த்தேசு ஆயர் சிப்பிரியான் 251இல் 'வீழ்ந்தோர்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். உடனே அனைவரையும் ஏற்பதும், என்றென்றும் அடைத்துவிடுவதும் ஆகிய இரண்டையும் அவர் மறுத்தார். சான்றிதழ் மட்டும் பெற்றோர்க்கும் பலியே இட்டோர்க்கும் இடையில் வேறுபாடு காணப்பட்டது. தவமுயற்சிக்குப் பின் ஏற்பது என முடிவாயிற்று. புதிய துன்புறுத்தல் நெருங்கியபோது, தவம் செய்துகொண்டிருந்தோர் விரைந்து சேர்த்துக்கொள்ளப்பட்டனர். போருக்குச் செல்வோரை நிராயுதபாணியாக விடலாகாது என்பதே அதற்கான காரணம்.

325இல் கூடிய நிசேயா சங்கம், பிற்காலத் துன்புறுத்தலில் கட்டாயமின்றி வீழ்ந்தோர்க்கு 12 ஆண்டுக்காலத் தவநிலையை வகுத்தது. 3 ஆண்டுகள் மறைவாசகம் கேட்போராகவும், 7 ஆண்டுகள் நெடுஞ்சாண்கிடையாக வணங்குவோராகவும், 2 ஆண்டுகள் திருவிருந்தில் பங்கின்றி வேண்டுதலில் மட்டும் கலப்போராகவும் அவர்கள் இருக்க வேண்டியிருந்தது. இன்றைய நோக்கில் இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், கதவு உண்டென்பதையும் அது திறக்கும் நாளையும் அது உறுதிப்படுத்தியது. நொவாசியனின் கடுமையை விடுத்து, நீண்டதாயினும் முடிவுடைய ஒரு பாதையையே திருச்சபை தேர்ந்தது.

அகுஸ்தீனும் திருநாவுக்கரசரும்

தனிமனித மீள்தலுக்குக் கிறித்துவ உலகம் பெரிதும் சுட்டும் சான்று அகுஸ்தீன் (354-430). குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர் வரிசையில் சேர்க்கப்பட்டவர், இளமையில் மானிக்கேயச் சமயத்தை ஏற்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் நின்றார். அவர்தம் அன்னை மோனிக்காள் கண்ணீரோடு வேண்டி நின்றார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார்.

சைவச் சூழலில் வளர்ந்த மருணீக்கியார், சமண நெறி சேர்ந்து தருமசேனராக விளங்கி, சூலைநோயின்வழித் திருவதிகைக்கு மீண்டு திருநாவுக்கரசரான வரலாறு தமிழறிஞர்க்கு உடனே நினைவுக்கு வரும். மோனிக்காளைப் போன்று அங்கும் தமக்கை திலகவதியாரின் வேண்டுதல் முன்னிற்கிறது. இருவேறு சமயங்களின் இறைக்கோட்பாடுகளை ஒன்றெனக் கொள்வது நம் நோக்கமன்று. எனினும், விலகியவர்க்காக ஒருவர் வீட்டில் காத்திருந்து வேண்டுகிறார் என்னும் அமைப்பு இரண்டிலும் உண்டென்பதும், மீண்டவர் பேச்சு பாட்டாகவும் புகழுரையாகவும் மலர்ந்ததென்பதும் ஒப்பிட்டுக் கற்பிக்கத் தக்கன. அகுஸ்தீனின் நூற்பெயரான 'கன்பெசியோனெஸ்' என்பதன் இலத்தீன் மூலச்சொல் பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனைப் புகழ்தல் ஆகிய இரு பொருளும் உடையது.

தமிழ் மண்ணில் மீள்தல் இலக்கியம்

இவ்விருபொருள் தமிழிலும் வியக்கத்தக்க வகையில் அமைந்துள்ளது. கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய சொல் 'பாவசங்கீர்த்தனம்'. சங்கீர்த்தனம் என்பது எடுத்துரைத்தலையும் புகழ்ந்து பாடுதலையும் குறிக்கும் வடசொல். பாவத்திற்கான மனவருத்தம் 'மனஸ்தாபம்' எனப்பட்டது. இன்று பேச்சுவழக்கில் அச்சொல் இருவரிடையே உள்ள மனக்கசப்பையே குறிப்பதால், பழைய செபநூல்களைப் படிக்கும் மாணவர்க்கு ஆசிரியர் இதனை விளக்குதல் வேண்டும். இக்காலத்தில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்னும் பெயர் வழங்குகிறது. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பாக்கிய ஒப்புரவு, உலகத்தோடு இயைந்து உதவி வாழும் பண்பு. அச்சொல்லைத் தேர்ந்ததன்வழி, மீள்தலில் சமுதாயத்திற்குரிய பங்கு தமிழ்ப் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது.

தமிழ் அச்சு வரலாற்றிலும் இதற்கோர் இடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார், 1580இல் பாவ அறிக்கைக்கு ஆயத்தப்படுத்தும் 'கொம்பெசியோனாயரு' என்னும் கையேட்டையும் வெளியிட்டார். தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்கக்கால நூல்களுள் ஒன்று, விலகியவர் மீளும் வழியைக் கற்பிக்கும் நூலாக அமைந்தது கருதத்தக்கது. 1530களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறை மக்களுக்கு, திருமுழுக்கின் பின்னான வாழ்வைப் பற்றிய வழிகாட்டுதல் அவர்தம் மொழியிலேயே தேவைப்பட்டது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900), ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு ஆங்கில நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். கிறித்துவ வாழ்வைப் பயணமாகக் காணும் மூலக்கதையில் விலகல் பற்றிய கூர்மையான பகுதி ஒன்றுண்டு. பாதை கரடுமுரடாயிருப்பதால் பயணியர் இருவர் அருகிலுள்ள புல்வெளி வழியே செல்கின்றனர். நம்பிக்கையின்மை என்னும் அரக்கன் அவர்களைப் பிடித்து ஐயக்கோட்டையில் அடைத்துவிடுகிறான். நாள்கள் பல வதைபட்ட பின்னரே, வாக்குறுதி என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததைப் பயணி நினைவுகூர்கிறான். விலகியவனை உண்மையில் சிறைப்படுத்துவது புல்வெளியன்று. இனி வழியில்லை என்னும் எண்ணமே. யூதாசை வீழ்த்தியதும் அதுவே.

இறைவனை அணுகும் வழிகள்

மீண்டவர் தொடர்ந்து வளர்வதற்கு இம்மரபு சில எளிய வழிகளையே பரிந்துரைக்கிறது. மறைநூல் வாசிப்பு, வேண்டுதல், திருவிருந்து, சக நம்பிக்கையாளரோடு கூடுதல், எளியோர்க்குத் தொண்டு ஆகியவை அவை. இவற்றுள் கூடிவாழ்தலின் இன்றியமையாமையை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி நன்குணர்ந்தார். ஏறத்தாழ பன்னிருவர் கொண்ட சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி, ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் நிலையை எடுத்துரைக்கும் முறையை அவர் மெதடிஸ்ட் இயக்கத்தில் நிலைபெறச் செய்தார். 1885இல் சிங்கப்பூரில் பணி தொடங்கிய மெதடிஸ்ட் சபை அவ்வியக்கத்தின் வழிவந்ததே. படகு அகல்வதைப் படகிலிருப்பவரினும் கரையில் நிற்பவரே முதலில் காண்கிறார். சிறு குழுவின் பயன் அதுவே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கிறித்துவத்தில் மீள்தல் மூவர் பங்கேற்கும் நிகழ்வென்பது தெளிவாகிறது. எழுந்து நடப்பவர், ஓடிவந்து ஏற்பவர், வாசலில் நிற்கும் உடன்பிறந்தார் ஆகியோரே அம்மூவர். முதலிருவரைப் பற்றி விவிலியம் ஐயத்திற்கிடமின்றிப் பேசுகிறது. மூன்றாமவர் என்ன செய்வார் என்பதே ஒவ்வொரு காலத்திலும் திறந்த வினாவாக இருந்துவந்துள்ளது. மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேசிலும் உரோமையிலும் எழுந்த அவ்வினா, இன்றும் நெடுநாள் கழித்து வழிபாட்டிற்கு வந்து பின்வரிசையில் அமரும் ஒருவரைச் சபையார் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதில் எழுகிறது.

ஆகவே, இவ்வுவமையைக் கற்பிக்கும் ஆசிரியர், இளைய மகன் திருந்தியதோடு பாடத்தை முடித்துவிடாமல், மூத்த மகன் வாசலில் நிற்கும் காட்சிவரை மாணவரை அழைத்துச் செல்லுதல் நலம். அவன் உள்ளே சென்றிருப்பானா, சென்றிருக்க வேண்டுமா என்னும் வினாக்களை அவர்கள் முன் வைக்கலாம். எச்சமயத்தைச் சார்ந்த மாணவராயினும், அவர்தம் வீட்டிலும் வெளியிலும் எதிர்கொள்ளக்கூடிய வினாக்களே அவை.